மலையில் மட்டும் அணைகிற வண்டி

கயிறு கட்டி இழுத்து வருகிற வண்டியைப் பார்த்து நான் கவலைப்படுவதில்லை. கோளாறு வண்டிக்குள்ளேயே இருக்கிறது. மீட்டரை எடுத்து உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் பிடித்துவிடலாம். தானே ஓடி வந்து வாசலில் நிற்க, டிரைவர் இறங்கி, "நேத்து நாலஞ்சு தடவை நின்னுச்சு தம்பி, இப்பப் பார்த்தா நல்லா ஓடுது" என்று சொல்கிறாரே, அந்த வண்டிதான் வேலை வாங்கும். இல்லாத கோளாறைத் தேட முடியாது. அது வரும்வரை காத்திருக்கணும், இல்லையென்றால் நாமே வரவழைக்கணும்.

பழனியில் ஆட்டோ எலக்ட்ரிகல் பட்டறை வைத்திருக்கிறேன். கொடைக்கானல் மலையில் இருந்து கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு ஏற்றி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகிற வண்டிகள் இந்த வழியாகத்தான் இறங்கும். பெருமாள்மலையில் பிரிந்து சவரிக்காடு வழியாக வருகிற அந்தப் பாதையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், அங்கே ஒரு வண்டி நடுவளைவில் அணைவது என்றால் என்னவென்று. பூம்பாறையில் இருந்து லோடு அடிக்கும் ஒரு அண்ணனுடைய டீசல் பிக்கப்புக்கு அதுதான் நடந்துகொண்டிருந்தது. பிஎஸ்6 வண்டி. கம்பெனி பெயர் வேண்டாம். இந்தக் கோளாறுக்கும் கம்பெனிக்கும் சம்பந்தமே இல்லை என்பதைக் கடைசியில் பார்ப்பீர்கள்.

அவர் என்னிடம் வரும்போது ஏற்கனவே ஆயிரக்கணக்கில் செலவழித்திருந்தார். டீசல் ஃபில்டர் மாற்றியாயிற்று. பேட்டரி புதுசு. இன்ஜின் சுற்றுவதைப் பார்த்துச் சொல்கிற கிராங்க் சென்சார் புதுசு. பம்பில் இருக்கும் பிரஷர் வால்வும் புதுசு. ஒவ்வொன்றும் மாற்றியபின் இரண்டு நாள் நன்றாக ஓடும், அப்புறம் பழைய கதை. இரண்டு நாள் நன்றாக ஓடியதாலேயே மாற்றியது சரி என்று எல்லோரும் நம்பியிருக்கிறார்கள். விட்டு விட்டு வரும் கோளாறில் இதுதான் பெரிய ஆபத்து. எதை மாற்றினாலும் கொஞ்ச நேரம் சரியான மாதிரி இருக்கும், ஏனென்றால் மாற்றாமல் விட்டாலும் கொஞ்ச நேரம் சரியாகத்தான் ஓடியிருக்கும்.

முதலில் மாற்றிய மெக்கானிக்கையும் நான் குறை சொல்ல மாட்டேன். பழைய பம்ப் வண்டிகளில் வேலை கற்றவர்களுக்கு டீசல் வண்டி நின்றால் முதலில் தோன்றுவது "ஏர் எடுக்குது", அதாவது டீசல் லைனில் காற்று புகுகிறது என்பதுதான். அந்தக் காலத்து இன்ஜினுக்குக் கரண்டே பெரிதாக வேண்டாம். பல வண்டிகளில் பம்பின் தலையில் டீசலைத் திறந்து மூடுகிற ஒரு ஸ்டாப் சொலினாய்டு, அதற்கு ஒரே ஒரு ஒயர், அவ்வளவுதான். பேட்டரியைக் கழற்றிப் போட்டாலும் அந்த ஒயருக்கு 12 வோல்ட் கொடுத்தால் ஓடிக்கொண்டிருக்கும். எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை அழுத்தி வைக்கிற காமன் ரெயில் வந்தபிறகு எல்லாம் மாறிப்போனது. எந்த சிலிண்டருக்கு, எந்த நொடியில், எவ்வளவு டீசல் என்பதை ஈசிஎம் என்கிற கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. அதற்குக் கிராங்க் எந்த இடத்தில் சுற்றுகிறது என்று தெரியவேண்டும், ரெயிலில் எவ்வளவு அழுத்தம் என்று தெரியவேண்டும், எல்லாவற்றுக்கும் முன்னால் அதற்குக் கரண்ட் வேண்டும். இதில் ஒன்று அரை நொடி விட்டாலும் இன்ஜின் அணையலாம்.

டீசல் பற்றாமல் நிற்பதற்கும் கரண்ட் விட்டு நிற்பதற்கும் வித்தியாசம் உண்டு, ஓட்டுகிறவருக்கு அது உடம்பில் தெரியும். டீசல் வராவிட்டால் முதலில் இழுவை குறையும், இன்ஜின் திக்கும், குலுக்கும், ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும் ஏறாது, அப்புறம்தான் அணையும். கரண்ட் விட்டால் எந்த முன்னறிவிப்பும் கிடையாது. சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி பட்டென்று போகும்.

அதனால் நான் பானெட்டைத் திறக்கவில்லை. டீ வாங்கிவரச் சொல்லிவிட்டு அண்ணனை உட்கார வைத்தேன்.

"எப்படிண்ணே அணையுது? இழுத்து இழுத்து நிக்குதா, பட்டுன்னா?"

"பட்டுன்னு போயிருது தம்பி. ஒரு சத்தமும் இல்ல."

"ஹாரன் அடிக்குதா அப்ப?"

"அடிக்குது. லைட்டும் எரியுது. திரும்பச் சாவி போட்டா செல்ஃப் நல்லா அடிக்குது, சில நேரம் உடனே ஸ்டார்ட் ஆயிரும், சில நேரம் அந்த இடத்தை விட்டுக் கொஞ்சம் உருட்டுனாத்தான் ஆகும்."

கடைசியில் அவர் சொன்னதை அவர் பெரிதாக நினைக்கவில்லை. நான் அதைத்தான் நோட்டில் முதலில் எழுதினேன். நேரம் போனால் ஸ்டார்ட் ஆகிறது என்றால் சூடு காரணமாக இருக்கலாம். இடம் மாறினால் ஸ்டார்ட் ஆகிறது என்றால் சூடு இல்லை, வண்டி நிற்கிற நிலைதான் காரணம்.

அப்புறம் மீட்டர் போர்டைப் பற்றிக் கேட்டேன். இறக்கத்தில் இரண்டாவது கியரில் வரும்போது அணைந்தால் ஆர்பிஎம் முள் என்ன செய்கிறது? இந்தக் கேள்வி ரொம்ப முக்கியம். கியரில் இருக்கும் வண்டியில் இன்ஜின் அணைந்தாலும் சக்கரம் அதைச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். டீசல் மட்டும் நின்றிருந்தால் முள் அந்தச் சுற்றைக் காட்டிக்கொண்டே இருக்கணும். முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால், இன்ஜின் சுற்றுவது யாருக்கோ தெரியாமல் போயிருக்கிறது என்று அர்த்தம். ஒன்று கிராங்க் சென்சார் சிக்னல் போயிருக்கணும், அல்லது அதைப் படிக்கிற ஈசிஎம்மே போயிருக்கணும்.

"முள்ளு அப்படியே கீழ விழுந்துருது தம்பி. சில நேரம் ஒரு குலுக்கு குலுக்கிட்டுத் தானாவே பத்திக்கும். அப்ப அந்தச் சுருள் லைட்டு ஒண்ணு எரியுமே, காலையில சாவி போட்டா வருமே, அது எரிஞ்சு அணையுது."

சுருள் லைட் என்று அவர் சொன்னது குளோ பிளக் விளக்கு. சாவி போட்டு ஈசிஎம் விழித்துக்கொள்ளும்போது ஒரு கணம் எரிந்து அணைகிற விளக்கு அது. ஓடுகிற வண்டியில், சூடான இன்ஜினில், அது எரிய வேண்டிய அவசியமே இல்லை. எரிகிறது என்றால் ஈசிஎம் ஒருமுறை செத்துப் பிழைத்திருக்கிறது. கிராங்க் சென்சார் மட்டும் விட்டிருந்தால் இந்த விளக்கு வந்திருக்காது. ஒரு சென்சார், ஒரு வால்வு, ஒரு பேட்டரியின் விலை அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. அண்ணனை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஸ்கேனர் போட்டுப் பார்த்தேன். ஈசிஎம் பதிந்து வைக்கிற கோளாறு எண், அதாவது கோடு, எதுவும் இல்லை. இதற்கு முன் பார்த்தவர்களுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லையாம். கிராங்க் சென்சார் ஒயர் விட்டால் பி 0335 என்று பதிவாகும், ரெயில் பிரஷர் சென்சார் ஒயர் போனால் பி 0192, பி 0193 என்று வரும். சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட் லைன் எங்காவது உரசி எர்த் ஆனால் பி 0641 மாதிரி வரும். இவையெல்லாம் ஈசிஎம் உயிரோடு இருந்து, தன்னோடு பேசுகிறவர் பேச்சை நிறுத்திவிட்டார் என்று எழுதி வைப்பவை. உயிர் போகிறவர் தன் சாவைத் தானே ரிஜிஸ்டரில் எழுத முடியாது. அதனால் கோடு இல்லை என்பதும் எனக்கு ஒரு தகவல்தான். கோடு இல்லாததால் கோளாறு இல்லை என்று வண்டியைத் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் ஒரு நாள் இந்த மலைப்பாதையில் லோடு வண்டி ஓட்டச் சொல்லணும் என்று எனக்குத் தோன்றும்.

இந்த இடத்தில் வேலையை விட்டு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். இறக்கத்தில் இன்ஜின் அணைந்தால் கிளட்சை மிதிக்காதீர்கள், நியூட்ரலும் தள்ளாதீர்கள். கியரில் இருக்கும்வரை சக்கரம் இன்ஜினைச் சுற்றும். பெல்ட்டில் ஓடுகிற பவர் ஸ்டீயரிங் பம்ப் சுற்றும், பிரேக் பூஸ்டருக்கு வாக்குவம் கொடுக்கிற பம்ப்பும் சுற்றும். கிளட்சை மிதித்த மறுகணம் ஸ்டீயரிங் கல்லாகிவிடும். பிரேக்குக்குச் சேமித்த வாக்குவம் சில மிதியிலேயே தீர்ந்துவிடும், அதற்குமேல் பெடல் மரத்துப்போகும். கோளாறு சரியாகும்வரை இதை அண்ணனிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

சரி, வண்டிக்கு வருவோம். எங்கே அணைகிறது என்று கேட்டதில் இன்னும் தெளிவானது. பழனியில் இருந்து ஒட்டன்சத்திரம் வரை சமதளம், அங்கே ஒருமுறைகூட நின்றதில்லை. மலையிலும் காலி வண்டியில் நின்றதில்லை. இறங்கும்போது காய்கறி, ஏறும்போது உரம், மளிகை. லோடு இருந்தால் மட்டும், வளைவில் மட்டும். எந்தப் பக்க வளைவு என்றதற்கு அவர் கண்ணை மூடி, கையில் ஸ்டீயரிங் பிடித்திருப்பது போலத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இடது பக்கந்தான் தம்பி ஜாஸ்தி" என்றார்.

நம் ஊரில் இடதுபுறம் ஓட்டுகிறோம். இடது கொண்டை ஊசியில் நாம் உள்பக்கத்தில் இருப்போம், அங்கேதான் சாலை செங்குத்து. ஒரு சக்கரம் மேலே ஏற, மறு மூலைச் சக்கரம் கீழே இறங்கும். பிக்கப் வண்டி சேஸிஸ் என்கிற இரும்புச் சட்டத்தின் மேல் கட்டியது. லோடு ஏறியபிறகு அந்தச் சட்டம் முறுக்கிக்கொள்ளும், முறுக்கிக்கொள்ளும்படித்தான் செய்திருக்கிறார்கள். கேபின் ஒரு பக்கம் போகும், பாடி ஒரு பக்கம் போகும். இரண்டுக்கும் நடுவில் போகிற ஒயரிங் இழுபடும். ஆகவே ஈசிஎம்முக்குப் போகும் பவரோ, கரண்ட் பேட்டரிக்குத் திரும்புகிற எர்த்தோ, சட்டம் முறுக்கும்போது எங்கோ விடுகிறது.

முதல் சந்தேகம் எனக்கு ஃபாக் லைட் மேல்தான் போனது. கொடைக்கானல் மூட்டத்துக்காக மலை வண்டிகளில் எல்லோரும் மஞ்சள் விளக்கு போடுகிறார்கள், தவறில்லை. ஆனால் அதற்குக் கரண்ட் எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதைப் பார்த்தால் வயிறு எரியும். ஃப்யூஸ் பாக்ஸில் கைக்குக் கிடைத்த ஃப்யூஸின் காலில் ஒயரைச் சுற்றி மறுபடி அழுத்திவிடுவார்கள். ஃப்யூஸ் உட்காரும் உள் கிளிப் அதனால் அகன்றுபோகும். அப்புறம் அந்த ஒயரை எடுத்தாலும் கிளிப் இறுக்கமாகப் பிடிக்காது. ஈசிஎம்மின் பவரே அந்த ஃப்யூஸ் வழியாக வந்தால் கேட்கவே வேண்டாம். இந்த வண்டியிலும் அப்படி ஒரு ஒயர் இருந்தது, ஆனால் அது ரேடியோ ஃப்யூஸில் இருந்தது. கழற்றி, தனி ரிலே (கரண்டால் இயங்குகிற சுவிட்ச்) போட்டு பேட்டரியில் இருந்து கொடுத்தேன். அது நல்ல வேலைதான், ஆனால் நாம் தேடுவது அது இல்லை.

எலி கடித்திருக்கிறதா என்று பார்த்தேன். தோட்டத்தில் நிறுத்தும் வண்டிகளில் எலி பெரிய தொல்லை. இல்லை. முன்பு யாராவது டெஸ்ட் லாம்ப் ஊசியால் ஒயரைக் குத்தியிருக்கிறார்களா என்றும் பார்த்தேன். அந்தச் சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போய், இன்சுலேஷனுக்குள்ளேயே செம்பு பச்சை பூத்து, ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு பொடியாகிவிடும். தொழில் செய்கிற தம்பிகளிடம் கேட்டுக்கொள்கிறேன், ஒயரைக் குத்தாதீர்கள். ஒயர்கள் சேர்கிற கப்ளரின் பின்பக்கம் இருந்து மெல்லிய பின்னை உள்ளே விட்டுத் தொடுங்கள்.

அப்புறம் ஓம் வைத்து எர்த் ஒயரை அளந்தேன். 0.3 ஓம். மீட்டரின் இரண்டு முனையையும் சும்மா ஒட்டி வைத்தாலும் 0.2, 0.3 காட்டும். அதாவது நல்ல ஒயர் என்று மீட்டர் சொல்கிறது. இங்கேதான் பல பேர் ஏமாந்து வேறு பக்கம் போகிறார்கள். மீட்டர் ஓம் அளக்கும்போது அந்த ஒயரில் விடுகிற கரண்ட் மிகச் சிறியது. ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் அது போய்விடும். ஆனால் 10 ஆம்பியர் ஓட வேண்டிய இடத்தில் நிஜமாகவே 0.3 ஓம் தடை இருந்தால் 3 வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். 14 வோல்ட் கிடைக்க வேண்டிய பொருளுக்கு 11 கிடைக்கும். செல்ஃப் மோட்டார் மாதிரி 200 ஆம்பியர் இழுக்கிற லைனில் 0.01 ஓம் இருந்தாலே 2 வோல்ட் போச்சு, அதை எந்த சாதாரண மீட்டரும் ஓமில் காட்டாது. லோடு ஓடும்போது வோல்ட் எவ்வளவு விழுகிறது என்று அளப்பதுதான் வழி. நல்ல எர்த்தில் 0.1 வோல்ட்டுக்கு மேல் விழக்கூடாது.

அதுவும் நிற்கிற வண்டியில் பயன் இல்லை. சட்டம் முறுக்கிய நிலையில் அளக்கணும்.

அண்ணனிடம், "அடுத்த தடவை மலைக்கு உரம் ஏத்துனதும் நேரா இங்க வாங்க, மூட்டையை இறக்க வேண்டாம்" என்றேன். வந்தார். நம்பர் பிளேட்டுக்குப் போடுகிற 5 வாட் பல்பு இரண்டை எடுத்தேன். ஒன்றுக்குச் சிவப்பு டேப், ஒன்றுக்குக் கறுப்பு டேப். சிவப்பு பல்பை, ஈசிஎம்முக்குப் பவர் கொடுக்கிற மெயின் ரிலேயின் வெளிப்பக்கத்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் கட்டினேன். கறுப்பு பல்பை, ஃப்யூஸ் போட்ட ஒயரில் பேட்டரி பாசிட்டிவுக்கும் ஈசிஎம் கப்ளரின் எர்த் பின்னுக்கும் நடுவில் கட்டினேன். இரண்டையும் கண்ணாடி ஓரமாக டேஷ்போர்டு மேல் டேப் போட்டு ஒட்டியாயிற்று. இன்ஜின் அணைகிற நேரத்தில் சிவப்பு அணைந்தால் பவர் போகிறது, கறுப்பு அணைந்தால் எர்த் போகிறது. இது என் குருநாதர் சொல்லிக்கொடுத்தது. விலை உயர்ந்த ஆஸிலோஸ்கோப் செய்கிற வேலையை இந்த இடத்தில் இரண்டு பல்பு செய்துவிடும்.

பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக் இழுத்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டேன். பட்டறைத் தம்பியை உள்ளே உட்கார வைத்து, பல்பை விட்டுக் கண்ணை எடுக்காதே என்று சொல்லிவிட்டு, வலது முன்பக்கம் ஜாக்கி கொடுத்து ஏற்றினேன். ஒன்றும் இல்லை. இறக்கிவிட்டு இடது முன்பக்கம் கொடுத்தேன். ஒரு டன்னுக்கு மேல் உரம் பின்னால் இருக்கிறது, முன் மூலை மேலே போகப் போக பாடிக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி ஒரு பக்கம் அகலமாவது கண்ணுக்கே தெரிந்தது. சக்கரம் தரையை விடுவதற்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே இருந்து குரல் வந்தது.

"அண்ணே, கறுப்பு மினுக்குதுண்ணே!"

இன்னும் இரண்டு தடவை ஜாக்கி கம்பியை அழுத்தினேன். இன்ஜின் அணைந்தது. பட்டென்று, அண்ணன் சொன்ன அதே மாதிரி. கறுப்பு பல்பு செத்துக் கிடந்தது, சிவப்பு பளிச்சென்று எரிந்தது. அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை நாள் அவர் சொல்லி யாரும் கண்ணால் பார்க்காததை நாலு பேர் பார்த்துவிட்டோம்.

ஜாக்கியை அப்படியே விட்டேன். இறக்கினால் கோளாறு மறுபடி ஒளிந்துகொள்ளும். சாவியை ஆன் செய்து வைத்து, மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் கிளிப் போட்டுவிட்டுச் சிவப்பு முனையோடு ஒயர் போகும் வழியே போனேன். ஈசிஎம் எர்த் பின்னில் 11.8 வோல்ட். எர்த் ஒயரில் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் முழு பேட்டரி. ஒயரைப் பிடித்துக்கொண்டே கீழே போனால், இடது பக்கச் சேஸிஸ் சட்டத்தில், கேபினுக்கு அடியில் ஒரு போல்ட்டில் லக்கு (ஒயர் முனையில் இருக்கிற உலோக வளையம்) போட்டு முறுக்கியிருந்தது. லக்கின் மேல் முனையை வைத்தேன், 11.8. அந்த போல்ட்டில் இருந்து இரண்டு விரல் தள்ளிச் சேஸிஸைச் சுரண்டி வெறும் இரும்பில் வைத்தேன், 0.03. லக்குக்கும் இரும்புக்கும் நடுவில் இருப்பது அந்த ஒரு போல்ட் மட்டும்தான்.

அப்போதுதான் சுரண்டிய இடத்தைக் கவனித்தேன். கறுப்பு பெயின்ட், அதுவும் புதுசு. ஓடி அடிபட்ட சேஸிஸ் பெயின்ட் அப்படி மழமழவென்று இருக்காது.

"அண்ணே, வண்டிக்கு எஃப்சி எப்பப் பண்ணுனீங்க?"

"சித்திரையில பண்ணுனோம் தம்பி."

வண்டி நிற்கத் தொடங்கியது வைகாசியில். நான் ஆரம்பத்திலேயே கேட்டிருந்தேன், கோளாறு வருவதற்கு முன்னால் வண்டியில் ஏதாவது வேலை செய்தீர்களா என்று. ஒன்றும் செய்யவில்லை என்றார், பொய் சொல்லவில்லை. எஃப்சி, அதாவது வண்டித் தகுதிச் சான்றுக்காகச் செய்கிற வேலையை யாரும் ரிப்பேர் என்று கணக்கில் வைப்பதில்லை. சரக்கு வண்டிக்கு எட்டு வருஷம்வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அப்புறம் ஆண்டுக்கு ஒருமுறை எஃப்சி. ஒவ்வொரு தடவையும் டிங்கர் வேலை, ஸ்டிக்கர், பெயின்ட். இந்த வண்டியில் துருப்பிடித்த மட்கார்டு பிராக்கெட் ஒன்றை மாற்றுவதற்காக அந்த எர்த் போல்ட்டைக் கழற்றியிருக்கிறார்கள். சேஸிஸுக்குக் கறுப்பு அடித்திருக்கிறார்கள். காய்வதற்குள் லக்கை வைத்து முறுக்கியிருக்கிறார்கள்.

போல்ட்டைக் கழற்றிப் பார்த்தபோது எல்லாம் தெரிந்தது. லக்கின் அடியில் வட்டமாகப் பெயின்ட், நடுவில் ஒரு இடத்தில் மட்டும் நகக்கண் அளவு அரிசிக்குருணை போல இரும்பு பளபளத்தது, அதன் ஓரம் கருகியிருந்தது. தொட்டு விட்டு, தொட்டு விட்டு, பொறி பறந்த தடம். மிச்சக் கரண்ட் போல்ட்டின் மரை வழியாக ஓடியிருக்கிறது, மரையிலும் பாதி பெயின்ட். பெயின்ட் மேல் முறுக்கிய போல்ட்டுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. முறுக்கும்போது இறுக்கமாக இருக்கும். நாள் ஆக ஆக, சூட்டிலும் அழுத்தத்திலும் நடுவில் இருக்கிற பெயின்ட் நசுங்கி மெலியும், போல்ட் தானாகவே லூசாகும். அதனால்தான் எஃப்சி முடித்து உடனே வராமல் ஒரு மாதம் கழித்து வந்திருக்கிறது. சமதளத்தில் லக்கு ஒட்டிக்கொண்டிருக்கும், ஹாரனுக்கும் லைட்டுக்கும் செல்ஃபுக்கும் எர்த் வேறு இடத்தில் என்பதால் அவை எப்போதும் வேலை செய்யும், லோடோடு இடது வளைவில் சட்டம் முறுக்கினால் மட்டும் லக்கு விலகும். அண்ணன் சொன்னது ஒன்றுகூட விடுபடாமல் பொருந்தியது.

சரி செய்தது கொஞ்ச நேர வேலை. சேஸிஸில் ஒரு ரூபாய் அகலத்துக்கு உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்தேன். மரையில் மரை வெட்டுகிற டாப் விட்டுப் பெயின்ட்டை எடுத்தேன். லக்கு கருகியிருந்ததால் வெட்டிவிட்டுப் புது லக்கு, நசுக்கிப் பிடிக்கவைத்து, அதாவது கிரிம்ப் செய்து. ஈயம் வைக்கவில்லை, ஈயம் ஒயருக்குள் ஏறி அந்த இடத்தைக் கம்பி மாதிரி விறைப்பாக்கிவிடும், அதிர்கிற இடத்தில் விறைப்பு முடிகிற விளிம்பில் ஒயர் ஒடியும். பல் வாஷர் போட்டு, புது போல்ட் முறுக்கி, எல்லாம் இறுகியபிறகு மேலே பெட்ரோலியம் ஜெல்லி பூசினேன். முதலில் பூசி அப்புறம் முறுக்குவதும், முறுக்கி அப்புறம் பூசுவதும் ஒன்றில்லை.

மறுபடி இடது மூலையை ஜாக்கியில் ஏற்றி, ஹெட்லைட், ஹீட்டர், வைப்பர் எல்லாம் போட்டு, ஈசிஎம் எர்த் பின்னில் அளந்தேன். 0.02 வோல்ட். சக்கரம் தரையை விட்டு முழுதாகத் தூக்கியும் அந்த அளவு மாறவில்லை, பல்பும் மினுக்கவில்லை. ஆனாலும் அண்ணன் கூடவே, அந்த உர மூட்டையோடு, சவரிக்காடுவரை ஏறிப் போய்த் திரும்பினேன். டேஷ்போர்டில் இரண்டு பல்பும் அப்படியே எரிந்துகொண்டு வந்தன. அண்ணன் ஒவ்வொரு இடது கொண்டை ஊசிக்கும் முன்னால் என்னைப் பார்த்தார், திருப்பிய பிறகும் பார்த்தார்.

எடுத்துப் போட்ட பழைய கிராங்க் சென்சார் அவர் வண்டியிலேயே டூல்ஸ் பெட்டிக்குள் கிடந்தது. டெஸ்ட் செய்து பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஸ்பேராக வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

இதற்கப்புறம் எங்கள் பக்கத்தில் எஃப்சி பெயின்ட் அடிக்கிற ஆட்களிடம் ஒன்று சொல்லி வருகிறேன். ஸ்ப்ரே எடுப்பதற்கு முன்னால் சேஸிஸில் லக்கு மாட்டியிருக்கிற போல்ட் எல்லாவற்றுக்கும் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், கழற்ற வேண்டிவந்தால் லக்கு உட்கார்ந்த இடத்தில் பெயின்ட் விழாமல் பாருங்கள். கேட்கிறவர்கள் கேட்கிறார்கள். வண்டி வைத்திருக்கிறவர்கள் எஃப்சி முடித்து வந்ததும் நீங்களே அடியில் குனிந்து பாருங்கள். பெரும்பாலான பிக்கப்பில் முக்கியமாக மூன்று இடம். பேட்டரி நெகட்டிவ் சேஸிஸில் சேரும் இடம், இன்ஜினில் இருந்து சேஸிஸுக்கு வரும் பின்னல் பட்டை, கேபினுக்கு அடியில் ஒயரிங் எர்த் சேரும் போல்ட். மூன்றிலும் லக்கும் இரும்பும் நேராகத் தொட வேண்டும். பெயின்ட் பளபளவென்று மூடியிருந்தால் கழற்றித் தேய்க்கச் சொல்லுங்கள். தேய்த்த கையோடு இன்ஜினை ஓடவிட்டு, லைட் எல்லாம் போட்டு, பேட்டரி நெகட்டிவுக்கும் அந்த லக்குக்கும் நடுவில் வோல்ட் அளக்கச் சொல்லுங்கள், ஓம் வேண்டாம்.